மாசிலாமணி தெரிகிறார்

எங்கள் ஆலயத்துக்குள் எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அதைப் பிரதிஷ்டை செய்ய வேண்டும். மின்விசிறிக்கும் அப்படித்தான், தண்ணீர்த் தொட்டிக்கும் அப்படித்தான். பிரதிஷ்டை முடிந்ததும் கொடுத்தவர் பெயரை அதன்மேல் எழுதுவார்கள். பெஞ்சுகளின் முதுகில், கடிகாரத்தின் கண்ணாடியில், செருப்பு வைக்கும் அலமாரியின் பக்கவாட்டில் என்று ஆலயம் முழுக்கப் பெயர்கள். விசிறி நின்றிருக்கும்போது இறக்கையைப் பார்த்தால் எந்தக் குடும்பம் என்று படிக்கலாம். சுற்ற ஆரம்பித்தால் எல்லாக் குடும்பமும் ஒன்றுதான்.

புரொஜெக்டர் வந்தபோது சிக்கல் ஏற்பட்டது. அது ஒரு டிபன் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். பெயரை எங்கே எழுதுவது? கொடுத்தவர் ஜெபராஜ், சபையின் ஒளி-ஒலிக் குழுத் தலைவர். தன் தகப்பனார் மாசிலாமணியின் நினைவாகக் கொடுத்திருந்தார். கடைக்காரர் ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டரிலிருந்து படம் எதுவும் வராதபோது அந்த இயந்திரம் வெறும் நீல நிறத்தைக் காட்டுமாம். நீலத்துக்குப் பதிலாக நமக்கு வேண்டிய படத்தை வைத்துக்கொள்ளலாமாம். வைத்தார்கள். கோட்டும் டையும் அணிந்த மாசிலாமணி. கீழே, 'தேவ மகிமைக்கென்று, மகன் ஜெபராஜ் குடும்பத்தார்.'

பிரதிஷ்டை ஞாயிறன்று திரையில் மாசிலாமணி தோன்றியதும் சபையார் கை தட்டினோம். அதற்குப் பிறகு அந்தத் திரையில் வேறு எதுவும் தோன்றியதில்லை. பாட்டுகளைப் புத்தகம் பார்த்துத்தான் பாடினோம். ஆண்டுக் கூட்டத்தில் ஒளி-ஒலிக் குழுவின் அறிக்கை வரும்போது, "புரொஜெக்டர் சீராக இயங்கி வருகிறது, மாசிலாமணி ஐயா தெளிவாகத் தெரிகிறார்" என்று வாசிப்பார்கள். கை உயர்த்தி ஏற்றுக்கொள்வோம். என் பக்கத்தில் உட்கார்ந்து தனசிங்கும் உயர்த்துவார்.

தனசிங் என் கணவர். இப்போது இல்லை.

இறந்தவர்கள் சிறிதாகிக்கொண்டே போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. முதலில் அவர் கோவிலம்பாக்கம் வீடு முழுக்க இருந்தார். எந்தக் கதவைத் திறந்தாலும் மறுபக்கம் அவர் நிற்பதுபோல இருந்தது. பிறகு ஒரு நாற்காலி அளவுக்கு ஆனார். பிறகு சட்டை மாட்டும் ஆணி அளவுக்கு. கடைசியில் என் செல்போனுக்குள் கட்டைவிரல் உயரத்தில் வந்து நின்றுவிட்டார்.

அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம் நான் எடுத்த வீடியோ. நாரைகளை எடுக்கப் போய் அவரை எடுத்தது. இரண்டு கைகளிலும் சுட்ட சோளம் வைத்துக்கொண்டு சாலையோரமாக என்னை நோக்கி நடந்து வருகிறார். தண்ணீர் லாரி ஒன்று வருகிறது. ஓரம் ஒதுங்கி நிற்கிறார். அது போனதும் மறுபடி நடந்து, கிட்ட வந்து, "என்னையா எடுக்கறே? நிறுத்து சரோ" என்கிறார். சோளம் வந்து படத்தை மறைக்கிறது. அவர் அசைவதும் பேசுவதும் என்னிடம் அது ஒன்றுதான்.

அதை ஆள் உயரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றால் என் தலை அவருக்கு எதுவரை வரும்? தோள் வரையா, அதற்குக் கொஞ்சம் கீழேயா? இத்தனை காலம் பக்கத்தில் நின்றவளுக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை. என் மகள் ஜென்சி வீட்டு டிவியில் போட்டுக் காட்டினாள். முழங்கை உயரத்துக்கு வந்தார். பொம்மைபோல. அதைவிட செல்போனே பரவாயில்லை என்று அணைக்கச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் ஆலயத்துத் திரை நினைவுக்கு வந்தது. நினைவு ஆராதனையில் அதைப் போட அனுமதி கேட்டுச் சபைக் குழுவின் முன்னால் போய் நின்றேன்.

செயலர் ஜாய்சன் வங்கியில் மேலாளர். மரியாதையான மனிதர்.

"போட்டோன்னா பிரச்சினையே இல்ல டீச்சர். வீடியோன்னா அசையுமே?"

"அசையும்."

"எவ்வளவு அசையும்?"

"நடந்து வருவார்."

"வேகமாவா?"

"இல்ல. மெதுவாதான். லாரி வர்றப்ப மட்டும் கொஞ்சம் சட்டுனு ஒதுங்குவார்."

ஜாய்சன் மற்றவர்களைப் பார்த்தார். "ஆராதனையில லாரி..." என்று யாரோ இழுத்தார்கள்.

"கையில ஏதாவது வெச்சிருக்காரா?"

"சோளம்."

எல்லாரும் ஆயர் ஐயாவைப் பார்த்தார்கள். பிறகு ஆயர் ஐயா, "வேதத்தில் கதிர் உண்டு. சீஷர்கள் கொய்து தின்றார்கள்" என்றார். சோளத்துக்கு அனுமதி கிடைத்தது. லாரிக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

கடைசியில் ஜெபராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது முடிஞ்சதும் அப்பா வந்துடுவார் இல்ல?"

இயந்திரத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "வந்துடுவார்" என்றேன்.

ஆராதனை நாளான அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஜென்சி தன் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். புரொஜெக்டர் நடுப்பாதையில் ஒரு மேசைமேல், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கூரையில்தான் மாட்டியிருக்க வேண்டும். அந்த இடத்தில் வேறொரு குடும்பத்தின் மின்விசிறி இருந்தது. நினைவாகக் கொடுத்ததை நகர்த்தும் அதிகாரம் யாருக்கும் இல்லை. வாட்ச்மேன் துரை பெட்டியின்மேல் மூடியிருந்த சிவப்பு வெல்வெட் துணியை எடுத்துவிட்டுச் சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டான். மாசிலாமணி தோன்றினார்.

பெட்டியின் பின்பக்கத் துளை வழியாக வெளியே வந்து தொங்கிய வயரை ஜென்சி லேப்டாப்பில் சொருகினாள். மாசிலாமணி இருந்தார். பிடுங்கிச் சொருகினாள். இருந்தார். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள், எதையெதையோ அழுத்தினாள். அவர் டையைக்கூடச் சரிசெய்துகொள்ளாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாய்சன் வந்தார். குனிந்து லேப்டாப்பைப் பார்த்தார்.

"இது பிரதிஷ்டை ஆனதாம்மா?"

"அங்கிள், இது ஆபீஸ் லேப்டாப்."

"அதான். பிரதிஷ்டை ஆன மெஷின்ல ஆகாத மெஷினை மாட்டறோம். ஏத்துக்கணும் இல்லையா? இதுல சினிமா கினிமா பாத்திருக்கியா?"

ஜென்சி குனிந்து வயரைச் சரிபார்த்தாள்.

"பாத்தியா" என்றார் ஜாய்சன், வருத்தத்தோடு.

லேப்டாப்பை யார் பிரதிஷ்டை செய்யலாம் என்று ஒரு கேள்வி எழுந்தது. ஜெனரேட்டரைப் பேராயர் வந்துதான் செய்தார். ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரியை ஆயரே செய்திருக்கிறார். லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது. ஆகவே ஆயர் போதும் என்று ஜாய்சன் தீர்த்து வைத்தார். ஆயர் ஐயா லேப்டாப்பின் மூடிமேல் கை வைத்து ஜெபித்தார். விஞ்ஞானத்தின் வளர்ச்சி, அதன் ஆபத்துகள், வாலிபப் பிள்ளைகள், ஓ.எம்.ஆர். பக்கத்துக் கம்பெனிகளில் இரவு வேலை செய்கிறவர்கள் என்று நீளமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது லேப்டாப் தூங்கிவிட்டிருந்தது. ஜென்சி பாஸ்வேர்டு போட்டு எழுப்பினாள்.

மாசிலாமணி இருந்தார்.

"அம்மா" என்று ஜென்சி என் காதருகே வந்தாள். "நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த மெஷினுக்கு வயர் சொருக ரெண்டு வாய். நம்ம வயர் ஒண்ணுல இருக்கு. அது இன்னொண்ணையே பாத்துட்டு உக்காந்திருக்கு. வாங்கின நாள்லேர்ந்து அப்படித்தான் போல. ஒரு பட்டனை ஒரேயொரு தடவை அமுக்கினா இந்தப் பக்கம் திரும்பிடும்."

"அமுக்கேன்டி."

"பட்டன் பெட்டிக்குள்ள இருக்கும்மா. இல்லன்னா ரிமோட் வேணும்."

துரை தலையைச் சொறிந்தான். "ரிமோட்டு, பொட்டி சாவி ரெண்டுமே ஜெபராஜ் சாராண்டதான் கீதுக்கா. மேடவாக்கத்துல ட்ராபிக்ல மாட்டிக்கினாராம். இப்பத்தான் போன் பண்ணாரு. வந்துகினே கீறேன்னாரு."

நான் பெட்டிக்குள் அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். யாரும் வராத வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஒருவர் இரண்டு கையிலும் சோளத்தோடு வந்து நிற்பது அதற்குத் தெரியவில்லை. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் போன பிறகு நானும் வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஜென்சி பின்னாலிருந்து எத்தனை தரம் கூப்பிட்டிருப்பாளோ.

குறித்த நேரத்துக்கு ஆராதனை தொடங்கியது. திரையை அணைக்கலாமா என்று கேட்டேன். பிரதிஷ்டை செய்த நினைவை ஆராதனை நடுவில் அணைக்கும் வழக்கம் இல்லை என்றார்கள்.

முதல் பாட்டு முடியும்போது ஜீவானந்தம் வந்தார். தனசிங்கோடு ஒரே அலுவலகத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடி. கையில் பெரிய ரோஜா மாலை. எங்கள் ஆலயத்துக்கு அவர் வந்ததே இல்லை. நேராகத் திரைக்கு நடந்து போய், மாசிலாமணிக்குக் கீழே மாலையை வைத்து, கைகூப்பி நின்றார். தோள்கள் குலுங்கின. யாரும் தடுக்கவில்லை. ஜெபராஜின் உறவினர் ஒருவர் எழுந்து போய் அவருக்கு நன்றி சொன்னார்.

பிறகு ஜீவானந்தம் என்னிடம் வந்து குனிந்தார். "என்னம்மா இது, கடைசில அவன் இப்படி ஆளே மாறிட்டானே! மீசை எல்லாம் எடுத்துட்டு, கோட்டு போட்டுகிட்டு..."

"ஆமாண்ணா" என்றேன். "ரொம்ப மாறிட்டார்."

திருத்தியிருக்கலாம். ஆனால் அழுதுவிட்டு வந்த மனிதரை மறுபடி முதலிலிருந்து அழச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாசிலாமணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயர் ஐயா பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிரே அவர் கண்ணுக்கு நேராக இருந்தது நாங்கள்தான். ஆனால் அவர் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"நம் அருமைச் சகோதரர் மாசிலா... தனசிங், தன் வாழ்நாளில் இந்தச் சபையிடம் எதையும் கேட்டதில்லை. கேட்காதவருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது சபைக்கும் எளிதாக இருந்தது. இப்படிப்பட்ட அங்கத்தினர்கள்தான் சபையின் தூண்கள். தூண் பேசுமா? பேசாது. அதனால்தான் அது தூண்."

"ஆமென்" என்றார்கள்.

அடுத்து ஜாய்சன் ஒலிபெருக்கியின் முன் வந்தார். "இங்கே சிலர் புரொஜெக்டரில் கோளாறு என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். குழுவின் சார்பில் தெளிவுபடுத்த விரும்புகிறேன். எந்தக் கோளாறும் இல்லை. புரொஜெக்டர் வேலை செய்கிறது. திரை வேலை செய்கிறது. வயர் வேலை செய்கிறது. சகோதரியின் லேப்டாப்பும் ஜெபத்துக்குப் பிறகு நன்றாக வேலை செய்கிறது. தனசிங் அண்ணன் மட்டும்தான் வரவில்லை."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மருத்துவமனையிலும் கடைசி நாளில் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். கிட்னி வேலை செய்கிறது, ஈரல் வேலை செய்கிறது.

கடைசிப் பாட்டின்போது ஜெபராஜ் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாக்கெட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ரிமோட் தெரிந்தது. ஜென்சி எழுந்தாள். அதற்குள் அவரை மேடைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். புரொஜெக்டர் முதல்முறையாக ஓர் அங்கத்தினரின் நினைவு ஆராதனையில் பயன்பட்டதை ஒட்டி, அதைக் கொடுத்தவருக்குச் சால்வை போர்த்துவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்ததாம். போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

ஜெபராஜ் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசிப் பழக்கமில்லாதவர்.

"எல்லாரும் கேக்கறீங்க, பாட்டு எப்ப திரையில வரும்னு. வரும். மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க. ஒரு பட்டன்தான். எனக்குத் தெரியும். முதல் நாள்லேர்ந்து தெரியும்." நிறுத்தினார். திரும்பித் திரையைப் பார்த்தார். "ஆனா வேற ஏதாவது வந்துட்டா அப்பா போயிடுவார். எதுவும் வராதப்பதான் அவர் வருவார். அதான்... குழுவுக்கு நன்றி."

கை தட்டினார்கள். சொன்னதை யாராவது கேட்டார்களா தெரியவில்லை. கை தவறி விலை உயர்ந்த எதையோ கீழே போட்டவர்போல் அவர் தரையைப் பார்த்தார்.

ஆசீர்வாதம் சொல்லப்பட்டது. பக்கத்து ஹாலில் சாப்பாடு இருப்பதாக ஜாய்சன் அறிவித்தார். ஆலயம் ஒரு நொடியில் காலியாயிற்று. ஜீவானந்தத்தைத் துரை கையைப் பிடித்து அழைத்துப் போனான். "வா சார், பிரியாணி ஆறிடப் போவுது. கீழ படி கீது, பாத்து." நானும் ஜென்சியும் இருந்தோம். திரையில் மாசிலாமணி இருந்தார்.

ஜெபராஜ் நடுப்பாதை வழியாக எங்களை நோக்கி வந்தார். சால்வை இன்னும் தோளில் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். ட்ராபிக்."

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தன. பல நாளாகச் சேர்த்து வைத்தவை. வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"உங்கப்பா என்ன உயரம் ஜெபராஜ்?"

அவர் திகைத்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்னைவிட ஒரு சாண் உயரம் டீச்சர். சைக்கிள்ல சீட்டை முழுசா ஏத்தி வெச்சுதான் ஓட்டுவார். இந்தப் படத்துல மார்பு வரைக்கும்தானே தெரியுது. உயரமே தெரியாது."

"தெரியலதான்."

ஜென்சி ஆலயத்து விளக்குகளை அணைத்துவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். ஜெபராஜ் ரிமோட்டின் உறையைப் பிரித்தார். இயந்திரத்தை நோக்கி நீட்டிக்கொண்டு அழுத்தாமல் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு அழுத்தினார்.

மாசிலாமணி போனார். திரை ஒரு கணம் கறுத்தது. சதுப்பு நிலம் வந்தது. வெள்ளையாக, தூரத்தில், நாரைகள். படம் அசைந்து திரும்பியது. சாலை. அந்தக் கோடியில் தனசிங்.

நான் எழுந்து திரையை நோக்கி நடந்தேன். அவரும் நடந்து வந்தார். ஒவ்வொரு அடிக்கும் பெரியவரானார். முழங்கை உயரம், பையன் உயரம், இளைஞன் உயரம். நீலச் சட்டையின் மேல் பொத்தான் போடவில்லை. எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இன்னும் சில அடிகள். அப்போது லாரி வந்தது. அவர் சட்டென்று ஒதுங்கி நின்றார்.

இருட்டாகிவிட்டது.

"என்னாச்சு?" என்றேன். என் குரல் எனக்கே கத்தலாகக் கேட்டது.

"சூடாகி தானா அணைஞ்சுடுச்சும்மா" என்றாள் ஜென்சி. "கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்து ஏது? சாயங்காலத்துலேர்ந்து எரியுது. வீடியோவை அங்கேயே நிறுத்திட்டேன்."

ஜெபராஜ் சாவிக்கொத்தைத் தடவி எடுத்துப் பெட்டியைத் திறந்தார். நான் இருட்டில் பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து அங்கே போனேன். விளக்கு அணைந்தும் உள்ளேயிருந்த விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. கையை வைத்தேன். மூச்சுபோல இருந்தது. அவரும் மறுபக்கம் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறினதும் மறுபடி போடலாம் டீச்சர். கொஞ்ச நேரம்தான்."

"சரி."

"அண்ணன் எங்கே வந்துட்டிருந்தார்?"

"லாரி போகட்டும்னு ஓரமா நிக்கறார். போனதும் வந்துடுவார். வந்து, 'என்னையா எடுக்கறே, நிறுத்து'ம்பார்."

ஜெபராஜ் தலையசைத்தார். ஹால் பக்கமிருந்து தட்டுகள் ஓசையும், யாரோ சிரிப்பதும் கேட்டன. "ஜெபராஜ்ணா! குரூப் போட்டோ எடுக்கணும்" என்று ஜாய்சன் குரல். ஜெபராஜ் இயந்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. காற்று மெல்லக் குளிர்ந்து நின்றது.

சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். "போட்டா முதல்ல அப்பாதான் டீச்சர் வருவார். ரிமோட்டை அமுக்கற வரைக்கும். உடனே அமுக்கிடறேன்."

"உடனே வேண்டாம்" என்றேன். "வரட்டும். பாருங்க. அப்புறமா அமுக்கினா போதும்."

சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் மெதுவாகத் தெளிந்தது. மாசிலாமணி வந்தார். ஜெபராஜ் ரிமோட்டைத் தாழ்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நான் ஜென்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மாசிலாமணிக்குப் பின்னால் எங்கேயோ, சோளம் ஆறிப்போக, தனசிங் சாலையோரம் நின்றுகொண்டிருந்தார், அந்த லாரி கடப்பதற்காக.